சூப்பர்வைஸ்: மேலே நின்று பார்ப்பவர்களின் வார்த்தை

ராயபுரத்தில் கிளம்பி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போகும் நெடுஞ்சாலையில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று கேட்டாலும் 'சூப்பர்வைசர்' என்றால் யார் என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். ஷிப்ட் போடுபவர், லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பவர், பீஸ் எண்ணிக்கை குறைந்தால் வந்து நிற்பவர். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948-ல் தொடங்கி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட், 1950-களில் வந்த என்ஃபீல்டு என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்த பகுதி இது. அதனால் இந்த வார்த்தை இங்கே தமிழ் வார்த்தை மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் அதன் வினைச்சொல்லான 'சூப்பர்வைஸ்' எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவரை இந்தக் கடற்கரையில் எப்படி அழைத்தார்கள் என்று தேடிப் போனால் கதை லத்தீனில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து நிற்கிறது.

முதலில் வார்த்தை. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து 'சூப்பர்விதேரே', அதாவது மேலிருந்து பார். வீடியோ, விசா, விஷன் எல்லாம் இதே 'விதேரே' வீட்டுப் பிள்ளைகள்தான். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'சூப்பர்வைஸ்' என்பதற்கு இன்றைய அதிகாரம் எதுவும் இல்லை. ஒரு தாளை மேலோட்டமாகப் பார்ப்பது, படித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் கூட ஒரு அரசாங்கக் கடிதத்தைப் படித்துப் பார்ப்பதைக் குறிக்கத்தான் இந்தச் சொல் வருகிறது. ஆட்களின் வேலையை மேற்பார்வை பார்ப்பது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அதாவது, காகிதத்தைப் பார்த்த வார்த்தை பிறகு மனிதர்களைப் பார்க்கத் தொடங்கியது!

இதில் இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். நிலத்தை அளக்கும் 'சர்வே' என்ற சொல்லும் இதே 'சூப்பர்விதேரே'தான். அது பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் உருக்குலைந்து 'சர்வே' ஆனது. நேராக லத்தீனில் இருந்து எடுத்தது 'சூப்பர்வைஸ்' ஆனது. சர்வேயரும் சூப்பர்வைசரும் பெயரளவில் ஒட்டிப் பிறந்தவர்கள். ஒருவர் நிலத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் நிலத்தில் வேலை செய்பவரைப் பார்க்கிறார்.

லத்தீன் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு சொல் இருந்தது. 'ஓவர்சீ'. அதுவும் அச்சு அசலாக 'மேலே பார்' என்பதுதான். பொதுப்பணித்துறையில் நம் ஊர் ஆட்கள் 'ஓவர்சியர்' என்று சொல்லிப் பழகியது இதைத்தான். கிரேக்கத்திலும் இதே கட்டுமானம் உண்டு. 'எபி' என்றால் மேல், 'ஸ்கோபோஸ்' என்றால் பார்ப்பவர். 'எபிஸ்கோபோஸ்' தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் 'பிஷப்' ஆகிவிட்டது. சபையை மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 'எபிஸ்கோபோஸ்' வரும் இடங்களில் 'கண்காணி' என்று போட்டார்கள். இராயப்பர், அதாவது பேதுருவின் பெயரைத் தாங்கிய ராயபுரத்தில் இதைச் சொன்னால் பொருத்தமாகத்தான் இருக்கும். பிஷப்பும் சூப்பர்வைசரும் கண்காணியும் சொல்லளவில் ஒரே ஆள்.

கண்காணி என்பது கண்ணும் காணும் சேர்ந்த சொல். ஆங்கிலச் சொல்லில் 'மேலே' இருக்கிறது, தமிழ்ச் சொல்லில் அது இல்லை. கண்ணால் காண், அவ்வளவுதான். எங்கே நின்று காண்பது என்று அது சொல்லவில்லை. இது சின்ன வித்தியாசம் போலத் தெரியலாம். ஆனால் இந்தச் சொல் பழைய காலத்தில் யாரைப் பார்த்தது என்று கவனித்தால் வித்தியாசம் பெரிதாகிவிடும்.

திருமூலர் திருமந்திரத்தில் இறைவனையே கண்காணி என்கிறார். பார்க்க ஆளில்லை என்று நினைத்துத் திருட்டுத்தனம் செய்பவர்களுக்கு, அந்தக் கண்காணி இல்லாத இடமே இல்லை என்று எச்சரிக்கிறார். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி செய்வார்' என்று ஒரு பொறுப்பு அடிக்கடி வருகிறது. கோயிலுக்கு வந்த நிலம், பொன், விளக்குக்கு விட்ட ஆடு எல்லாம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலைகளில் ஒன்று. கோயில் என்பது அன்றைக்கு ஊரிலேயே பெரிய நிறுவனம். பெரிய நில உடைமையாளரும் அதுதான், பல ஊர்களில் கடன் கொடுப்பதும் அதுதான். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் கோயிலை எடுத்துக்கொண்டால், முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் விமானம் எழுப்பப்பட்ட, சுவரெல்லாம் கல்வெட்டு நிறைந்த, மடமும் நிலமும் சொத்தும் கொண்ட இடம். அப்படிப்பட்ட நிறுவனங்களில் சொத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஏமாற்றாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் கண்காணி. அதாவது அந்தக் கண் அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் இருந்தது.

இந்தச் சொல் எப்படித் தலைகீழானது?

அதற்குள் போவதற்கு முன் கடற்கரைக்கு வரவேண்டும். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்ப்பது மசூலா படகுகள். பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் தரையில் மோதினால் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். படகில் பின்னால் நின்று திசை பார்ப்பவர் 'தண்டல்'. ஆங்கிலேயர்கள் இதை 'டிண்டல்' என்று எழுதினார்கள். கப்பல்களில் மாலுமிகளுக்குத் தலைவர் 'சாரங்கு', அது பாரசீகத்தில் இருந்து வந்தது. கரையில் இவர்கள் எல்லோருக்கும் மேலே கம்பெனியின் 'மாஸ்டர் அட்டென்டன்ட்' இருந்தார். அந்தப் பதவியில் இருந்த கிறிஸ்டோபர் பிடன் என்பவர் கடற்கரை மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். படகுக்காரர்களை வேலை வாங்குவதும் அவர்தான், தப்பு செய்ததாகச் சொன்னால் விசாரிப்பதும் அவர்தான்! 1858-ல் அவர் சென்னையிலேயே இறந்தார்.

இங்கேதான் 'மேஸ்திரி' வருகிறார். கொத்தனார் வேலையில் இன்றும் புழங்கும் இந்தச் சொல் போர்த்துகீசிய 'மெஸ்த்ரே'யில் இருந்து வந்தது. அதன் மூலம் லத்தீன் 'மாகிஸ்தர்'. மாஸ்டர், மிஸ்டர், மாஜிஸ்திரேட் மூன்றும் அதன் பிள்ளைகள்தான். அப்படியானால் கடற்கரையில் மேலே மாஸ்டர் அட்டென்டன்ட், பக்கத்தில் மாஜிஸ்திரேட், கீழே மேஸ்திரி... ஒரே லத்தீன் சொல் மூன்று வேஷத்தில் நின்றுகொண்டிருந்தது. 'மாகிஸ்தர்' என்றால் 'அதிகம் உள்ளவன்' என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'மினிஸ்தர்', குறைவானவன், வேலைக்காரன். மினிஸ்டர் என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பதை இன்றைய மந்திரிகள் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மேஸ்திரி என்ற சொல்லில் 'பார்' என்பதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்க்கிறார், கண்காணி காண்கிறார். மேஸ்திரி பார்ப்பவர் என்பதைவிடப் பெரியவர். உண்மையில் அவர் வேலையும் அப்படித்தான் இருந்தது. ஆள் பிடிப்பது, முன்பணம் கொடுப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது, கூலியை வாங்கிப் பங்கு போடுவது, பிடிக்காதவனை மறுநாள் கூப்பிடாமல் விடுவது எல்லாம் அவர் கையில். மேற்பார்வை என்பது அதில் ஒரு சின்னப் பகுதி.

இந்தக் கரையில் இருந்து கப்பல் ஏறியவர்களோடு இந்தப் பதவிகளும் கப்பல் ஏறின. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். அங்கே அவர்களை மேய்த்தவர் 'சர்தார்'. ரங்கூனுக்குப் போனவர்களுக்கு 'மேஸ்திரி'. பர்மாவில் ஆள் பிடிக்கும் ஏற்பாட்டுக்கே மேஸ்திரி முறை என்று பெயர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்குக் 'கங்காணி'. கடல் வழிக்கு ஒரு பெயர்! 'கண்காணி'தான் வாய்ப்பேச்சில் 'கங்காணி' ஆகி ஆங்கில ஆவணங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கோயில் கணக்கைப் பார்த்த கண் தோட்டத்துக்குப் போனதும் யாரைப் பார்த்தது? மலையில் கொழுந்து பறிக்கிற பெண்ணை, பால் வெட்டுகிற ஆளை. பெரிய கங்காணி சொந்த ஊருக்குப் போய்த் தன் சாதிக்காரர், உறவுக்காரர் என்று ஆள் திரட்டி வருவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் கடனாக ஏறும். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் இருந்து அவருக்குத் தனியே காசு. ஆள் வேலைக்கு வந்தால்தான் அவருக்குக் காசு என்றால், காய்ச்சலில் கிடப்பவரை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று ஊகிக்க முடியும். இலங்கையில் 'துண்டு' முறை என்று ஒன்று இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தோட்டத்திடம் கடனோடு ஆளையும் சேர்த்துப் பேரம் பேச முடிந்தது. 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மலேயாவுக்கு உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் தடை செய்ததோடு அங்கே கங்காணி முறையும் முடிந்தது. பர்மாவில் இருந்து பின்னாளில் திரும்பியவர்கள் சிலர் வியாசர்பாடியிலும் எண்ணூர் பக்கமும் குடியேறினார்கள். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

கப்பல் ஏறாமல் இங்கேயே இருந்தவர்கள் கதியும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. ஆட்களை நடத்தும் விதம், சாப்பிடக் கூடப் போதாத இடைவேளை என்று குமைந்துகொண்டிருந்த தொழிலாளிகள், செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முயற்சியில் பி.பி.வாடியாவை அழைத்துவந்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வருவது இதுதான். ஒரு வரிக்குள் அடங்கும் விஷயமா அது? மேஸ்திரிக்கும் துரைக்கும் மேலே புகார் சொல்ல ஒரு இடம் வேண்டும் என்று கேட்டதுதான் அந்தச் சங்கம். பார்க்கிறவர்களைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்ற கோரிக்கை.

துறைமுகத்தில் நிலைமை இன்னும் மோசம். கப்பல் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், வராவிட்டால் ஒருவரும் வேண்டாம். அதனால் துறைமுகங்களில் தினக்கூலிதான். காலையில் வாசலில் கூட்டம் கூடும், மேஸ்திரி கை காட்டியவர் உள்ளே போவார், மற்றவர் வீட்டுக்குப் போவார். அந்தக் கை யாரைக் காட்டும் என்பதற்கு ஒரு விலை இருந்தது. 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் இப்படிப்பட்ட இடையாட்கள் கையில் இருந்து பிடுங்க வேண்டும் என்றும், துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து முறைப்படி வேலை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. சொன்ன பிறகு 17 வருடம் ஆனது. 1948-ல்தான் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி 1950-களில் சென்னையிலும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பெயர் பதிவேட்டில் ஏறும், முறை வைத்து வேலை வரும், வேலை இல்லாத நாளில் வந்து நின்றாலும் ஒரு தொகை உண்டு.

காகிதத்தில் இருந்து மனிதருக்கு வந்த 'சூப்பர்வைஸ்' இங்கே மறுபடி காகிதத்துக்குத் திரும்பியது என்று சொல்லலாம். மேஸ்திரியின் கை நீட்டிய இடத்தில் ஒரு பதிவேடு வந்தது. ராயபுரம், காசிமேடு வீடுகளில் ஒரு தலைமுறை படித்து வேலைக்குப் போனதில் அந்தப் பதிவேட்டுக்குப் பங்கு உண்டு. மேஸ்திரி என்ற பெயர் மெல்லப் பின்வாங்கி சூப்பர்வைசர் முன்னுக்கு வந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். பெயர் மாற்றம் மட்டும் என்று இதை ஒதுக்க முடியாது. ஆளை எடுப்பதும் கடன் கொடுப்பதும் கூலியில் கை வைப்பதும் கழிந்துபோய், பார்ப்பது மட்டும் மிஞ்சினால்தான் ஒருவர் சூப்பர்வைசர். (கான்ட்ராக்ட் ஆட்களை அழைத்துவந்து இறக்கும் இடங்களில் இன்றும் பெயர்ப்பட்டையில் சூப்பர்வைசர் என்று இருக்கும், செய்வது பழைய மேஸ்திரி வேலையாக இருக்கும். அது வேறு கதை.)

இனி அந்த ஆங்கிலச் சொல்லின் மறுபக்கம். 'ஓவர்சீ' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'மேற்பார்வை பார்' என்று பொருள். பிறகு அதே சொல்லுக்கு 'கவனிக்கத் தவறு' என்ற பொருளும் சேர்ந்தது. பார்வை ஒரு பொருளின் மேலாகப் போய் அதைத் தாண்டிவிட்டால் அது கண்ணில் படாதுதானே? வினைச்சொல்லில் இந்த இரண்டாம் பொருள் பிறகு வழக்கொழிந்தது. ஆனால் 'ஓவர்சைட்' என்ற பெயர்ச்சொல்லில் இன்றும் இரண்டு பொருளும் சேர்ந்தே குடியிருக்கின்றன. ஒரு அதிகாரியிடம் ஓவர்சைட் இருக்கிறது என்றால் கண்காணிப்பு அவர் பொறுப்பு. அவரிடம் ஓவர்சைட் நேர்ந்துவிட்டது என்றால் அவர் கோட்டை விட்டுவிட்டார். ஜெர்மனிலும் இதே அமைப்பில் உள்ள சொல் பார்க்கத் தவறுவதைக் குறிக்கிறது. தமிழில் 'கண்காணிப்பு' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு இரட்டை வாழ்க்கை இல்லை.

சொல்லுக்கு இல்லாவிட்டாலும் ஊருக்கு இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கிக் குவித்த வருடங்களில் ராயபுரத்து வீடுகளில் துணி காயப்போட்டால் கறுத்துவிடும், சோற்றில் கரித்தூள் விழும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மாசைப் பார்ப்பதற்கென்று வாரியம் ஒன்று இருந்தும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபரில் இருந்துதான் அந்தச் சரக்குகள் அங்கே நின்றன. நின்று எங்கே போயின? வடக்கே, எண்ணூருக்கு!

எண்ணூரில் ஏற்கனவே அனல் மின் நிலையச் சாம்பல். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தது கழிமுகத்தில் இறால் தடவும் மீனவர்கள். காலுக்குக் கீழே சேறு மாறியது அவர்களுக்குத்தான் தெரியும். ஆழம் குறைந்து படகு தட்டுவதும் அவர்களுக்குத்தான் தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. மறுநாள், மறுநாள் என்று கரையில் கறுப்புக் கூழாக எண்ணெய் ஒதுங்க ஒதுங்க, கடைசியில் அதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர் குப்பங்களின் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது.

இந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து பார்ப்பவர்கள் உண்டு. உரிமம் கொடுப்பவர், ஆய்வு செய்பவர், அறிக்கை வாங்குபவர், மீட்டர் எண்களைக் கம்ப்யூட்டரில் பார்ப்பவர். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் தாள்தான். ஹாம்லெட் காலத்து அர்த்தத்தில் பார்த்தால் அவர்கள் ஒழுங்காகவே சூப்பர்வைஸ் செய்கிறார்கள். கீழே நின்று பார்ப்பவர்களிடம் தாள் இல்லை. அவர்கள் சொல்வது மனுவாகவும் புகாராகவும்தான் மேலே போகிறது, கண்காணிப்பு என்று அதை யாரும் பெயரிடுவதில்லை. ஆற்றில் சாம்பல் இருக்கிறது என்று மீனவர் சொன்னால் அது குற்றச்சாட்டு. அதையே ஒரு குழு வந்து மாதிரி எடுத்துச் சொன்னால் அது கண்டுபிடிப்பு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கப்பலில் இருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கெரிச்சலில் எழுந்தார்கள். என்ன வாயு என்று தெரியாமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டாமல், காற்று வீசும் திசைக்கு எதிரே சாலையில் ஓடினார்கள். மூச்சுத் திணறலில் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதன்பின் பெரியகுப்பமும் சுற்றுவட்டாரக் குப்பங்களும் ஆலையை மூடச் சொல்லி நாள் கணக்கில் போராடின. கடலுக்குப் போகாத நாட்களில் ஆண்களும், மீன் விற்கப் போகாத நாட்களில் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.